உருவைச் சூழ்ந்த எழுத்து

இன்று ஒரு சஞ்சிகையையோ விளம்பரத் துண்டையோ கையில் எடுப்பவர், படமொன்றின் விளிம்பை ஒட்டி வரிகள் குறுகியும் நீண்டும் வளைந்து செல்வதைக் கண்டு வியப்பதில்லை. குடமொன்றின் படம் பக்கத்தின் ஓரத்தே நிற்குமாயின், அதன் கழுத்தருகே வரி நீளும். வயிற்றருகே வரி குறுகும். கணனியிற் பக்கம் அமைப்போர் ஒரு கட்டளையைத் தெரிந்து கொடுத்த மாத்திரத்தே இவ்வொழுங்கு தானே வந்து அமைந்து விடுகின்றது. இதனால், எழுத்தை உருவத்தைச் சூழ ஓடவிடும் இம்முறை கணனி பெற்ற பிள்ளை என்று பலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. எழுதுவோர் இருந்த காலமெல்லாம் இம்முறையும் இருந்தது. இடையில் ஈயவெழுத்து வந்து ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் அதனை அருமைப்படுத்தி வைத்திருந்தது. கணனி அந்த அருமையை நீக்கியது. இவ்வரலாற்றை ஒருவாறு தொடர்புபடுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்து கொள்ளுதல் வேண்டும். எழுத்துத் தானே ஓர் உருவமாகி நிற்பது ஒன்று. எழுத்து வேறோர் உருவத்துக்கு இடங்கொடுத்து அதனைச் சூழ்ந்து செல்வது மற்றொன்று. முன்னதை வடிவெழுத்து என்றும், பின்னதைச் சூழ்வரி என்றும் இங்கே குறிப்போம். இன்றைய கணனி நிரல்கள் இரண்டையும் ஒரே கருவியின் இரு பயன்களாகக் கொள்கின்றன. ஒரு வட்டத்தின் உள்ளே எழுத்தை நிரப்புவதும் வட்டத்தின் வெளியே எழுத்தை நிறுத்துவதும் கணிதத்துக்கு ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பது உண்மையே. ஆயின் வரலாற்றில் இவை வெவ்வேறு தேவைகளிற் பிறந்தவை. முன்னது பெரும்பாலும் புலமை விளையாட்டு. பின்னது வாசிப்போனின் வசதி.

வடிவெழுத்தின் தொன்மையான சான்றுகளைக் கிரேக்கரிடம் காண்கின்றோம். கி. மு. 300 அளவில் வாழ்ந்த றோட்சுத் தீவினனாகிய சிம்மியாஸ் என்பான் சிறகு, கோடரி, முட்டை என்னும் மூன்று வடிவங்களிற் பாடல் இயற்றினான். முட்டையைப் படிக்கும் முறை வியப்பானது. முதலடியைப் படித்தபின் இறுதியடியையும், இரண்டாம் அடியைப் படித்தபின் இறுதிக்கு முன்னடியையும் படித்து, இவ்வாறே நடுவை நோக்கி வருதல் வேண்டும். கொன்ஸ்ரன்ரைன் பேரரசன் காலத்து ஒப்ற்றற்றியானுஸ் என்ற இலத்தீன் புலவன் சதுரக் கட்டங்களில் எழுத்துகளை நிரப்பி, அவற்றிடையே வேறொரு வாசகம் ஓவியமாகத் தோன்றுமாறு செய்தான். அவன் வழியைப் பின்பற்றியே, யேர்மனியின் புல்டா மடத்துத் துறவியான றபானுஸ் மௌறுஸ் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலுவையைப் புகழும் இருபத்தெட்டுச் சித்திரப் பாடல்களை ஆக்கினார்.

நம்மவர்க்கு இவ்வித்தை புதிதன்று. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவியை நான்காக வகுத்த மரபில் வந்தவர்கள் நாம். தண்டியலங்காரம் சித்திரகவியின் வகைகளுக்கு இலக்கணம் கூறுகின்றது. பின்னி நிற்கும் பாம்புகளின் உடல்வழியே செய்யுள் ஓடும் நாகபந்தத்தில், இரண்டு உடல்கள் குறுக்கிடும் இடத்தில் நிற்கும் எழுத்து இரண்டு வழிகளுக்கும் பொதுவாதல் வேண்டும். ஒன்று முதலாக ஏழு ஈறாக எண்கள் ஏறியும் இறங்கியும் வரும் திருவெழுகூற்றிருக்கையைத் திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் பாடினர்; அதனைத் தேர் வடிவிற் கட்டமிட்டு எழுதிக் காட்டுதல் வழக்கு. ஈண்டுக் கருதத்தக்கது, இவற்றில் உருவம் முதலிலும் எழுத்துப் பின்னரும் வருகின்றன என்பதே. உருவத்தின் நெருக்கடிக்கேற்பப் புலவன் சொல்லைத் தேடுகின்றான். இன்றைய கணனி அவ்வாறு செய்வதில்லை. யாரோ எழுதிய வசனத்தைச் சொல் மாற்றாது உருவத்துக்குள் ஊற்றுகின்றது. ஆதலின் நாகபந்தம் பாடியவன் கணனிக் கலைஞனுக்கு முன்னோன் என்று கூறிப் பெருமை கொள்வது சரியன்று. இவ்விருவரின் தொழில்கள் வேறு.

நமக்கு உண்மையான முன்னோடி வேறிடத்தில் இருக்கின்றது. அஃது ஏட்டின் துளை. பனையோலைச் சுவடியைக் கயிறு கோத்துக் கட்டுவதற்காக ஓலையில் துளையிடுவர். எழுதுவோன் அத்துளையைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு, வரியை அங்கே நிறுத்தி, மறுபுறத்தில் தொடர்கின்றான். எழுத்தைத் துளைக்கு மிக அண்மையில் எழுதினால், கயிறு உரசி அது அழிந்துபோம். தேவை பற்றி எழுந்த தூய சூழ்வரி இதுவே. இதனைச் செய்வதில் அவனுக்கு இடர் ஒன்றும் இருக்கவில்லை. ஏட்டிற் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. எழுத்துகள் தொடர்ந்து ஓடின. ஆதலின் எந்த எழுத்தின் பின்னரும் வரியை முறிக்கலாம். இச்சிறு செய்தியை வாசகர் நினைவிற் கொள்ளும்படி வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு மீள வேண்டியிருக்கும்.

ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளில் இருவகையும் கலந்து கிடக்கின்றன. இலண்டனில் பிரித்தானிய நூலகத்திற் பேணப்படும் 9ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று, விண்மீன் கூட்டங்களைப் பற்றியது. அதில் முயல், அன்னம் முதலான உருவங்களின் தலையும் காலும் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்க, உடல் முழுவதும் எழுத்தாலேயே நிரப்பப்பட்டிருக்கின்றது. அன்னத்தைப் பற்றிய செய்தி அன்னத்தின் வயிற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கும் காட்சி எவரையும் மகிழ்விக்கும்.

யூதரிடையே இக்கலை தனியொரு நுட்பத்தை அடைந்தது. அவர்களின் திருமறையைப் பிரதி செய்வோர் பிழைபடாதிருத்தற் பொருட்டு, எந்தச் சொல் எத்தனை முறை வருகின்றது, எவ்விடத்தில் எவ்வாறு எழுதப்படும் என்பன போன்ற குறிப்புகளை அறிஞர் தொகுத்தனர். இதற்கு மசோறா என்று பெயர். நாளடைவில் இக்குறிப்புகளை மிகச் சிறிய எழுத்தால் எழுதி, வரிகளையே வளைத்து, கொடிகளும் பூக்களும் விலங்குகளுமாக ஆக்கத் தலைப்பட்டனர். 1008ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்டு இன்று சென் பீற்றர்ஸ்பேர்க்கில் உள்ள புகழ்பெற்ற சுவடியிலே, நுண்ணெழுத்தாலான கோலங்கள் முழுப் பக்கங்களை நிறைக்கின்றன. அழகு வளர வளரப் பயன் தேய்ந்தது. 1217இல் மறைந்த யூதா என்னும் பக்தர் றேகென்ஸ்பேர்க் நகரிலே வாழ்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் 'பக்தர் நூல்' இதனைக் கண்டிக்கின்றது. மசோறா எழுத ஒருவனை அமர்த்துவோர், பறவையாகவும் விலங்காகவும் மரமாகவும் அதனை வரையக்கூடாது என்று முன்னரே நிபந்தனை செய்துகொள்ள வேண்டுமாம். அவ்வாறு வரைந்தால் எங்ஙனம் அதனைப் படிப்பது என்பது அந்நூலின் வினா. பிழையைத் தடுப்பதற்கென்றே எழுந்த குறிப்பு, படிக்க இயலாத படமாகிப் பயனிழந்த விந்தை இது. எழுத்தும் உருவமும் சேருமிடத்து எழும் வழக்குகள் அனைத்துக்கும் இதனையே மூல வழக்கு எனலாம். இவ்வழக்கிற் பக்தரின் பக்கமே நியாயம் உண்டு என்பது என் கருத்து.

சூழ்வரியின் பெருவளர்ச்சி, எழுத்து எழுத்தையே சூழ்ந்ததனால் உண்டாயிற்று. மூலமும் உரையும் ஒரே பக்கத்தில் வரவேண்டும் என்ற தேவை 12ஆம் நூற்றாண்டளவில் ஐரோப்பியப் பள்ளிகளில் வலுப்பெற்றது. திருமறைக்கும் சட்ட நூல்களுக்கும் உரைகள் பெருகின. மூலத்தைப் பெரிய எழுத்தில் நடுவே நிறுத்தி, உரையைச் சிறிய எழுத்தில் நாற்புறமும் சூழ எழுதினர். ஒரு பக்கத்தில் உரை மிகும். மற்றொரு பக்கத்தில் மூலம் மிகும். பக்கந்தோறும் இரண்டின் எல்லையும் மாறும். எழுதுவோன் முன்கூட்டியே அளந்து கோடிட்டுக்கொண்டாலன்றி இது கைகூடாது.

அச்சு தோன்றியவுடன் இவ்வமைப்புக் கைவிடப்பட்டிருக்கும் என எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. கூற்றன்பேர்க்கின் திருமறை 1455 அளவில் நிறைவெய்தியது. ஐந்தே ஆண்டுகளில், 1460இல், மைன்ஸ் நகரத்து பூஸ்ற்றும் ஷோபரும் ஐந்தாம் கிளெமென்ற் பாப்பரசரின் சட்டத் தொகுதியை அச்சிட்டனர். அதில் இரு பத்திகளாக நிற்கும் மூலத்தைச் சிறிய எழுத்திலான உரை சூழ்ந்து நிற்கின்றது. 1483இல் இத்தாலியின் சொன்சீனோவில் யூதரின் தல்முது நூலின் ஒரு பகுதி அவ்வாறே அச்சாயிற்று. 1520 முதல் 1523 வரை, அன்ற்வேர்ப்பிலிருந்து வெனிஸ் நகருக்கு வந்த தானியேல் பொம்பேர்க் என்னும் கிறித்தவர் தல்முது முழுவதையும் வெளியிட்டார். மூலம் நடுவே நிற்கும். நூலின் முதுகை ஒட்டிய பக்கத்தில் றாஷியின் உரை. வெளிப்பக்கத்தில் பின்வந்தோரின் உரை. உரையெழுத்தின் உருவமே மூலவெழுத்தினின்றும் வேறானது. பொம்பேர்க்கின் தாள் எண்களையே உலகெங்கணும் யூத மாணவர் இன்றளவும் மேற்கோளுக்குப் பயன்படுத்துகின்றனர். ஒரு பக்கத்தின் உருவம் ஐந்நூறு ஆண்டுகள் மாறாது நிலைத்திருத்தற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஈயவெழுத்தில் இதனைச் செய்தல் எவ்வளவு கடினம் என்பதை, அச்சுக்கூடத்துள் நுழைந்து பார்த்தவரே அறிவர். ஈயவெழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டை. எழுத்துக்கிடையே வைக்கும் வெற்றுத் துண்டும் செவ்வகம். வரிக்கிடையே இடும் தகடும் செவ்வகம். படம் பதித்த புளொக்கும் செவ்வகம். இவையனைத்தும் இரும்புச் சட்டம் ஒன்றினுள் நாற்புறமும் இறுகப் பூட்டப்படல் வேண்டும். இறுக்கம் சிறிது தளர்ந்தாலும் எழுத்து உதிர்ந்துவிடும். இத்தகைய உலகத்தில் வளைகோட்டுக்கு இடமேது? அச்சுக்கோப்பவர் தம் கையிலுள்ள ஸ்டிக்கின் அகலத்தை ஒவ்வொரு வரிக்கும் புதிதாகத் திருத்தி அமைக்க வேண்டும். அல்லது அகலத்தை மாற்றாது, படம் வரும் பக்கத்தில் வெற்றுத் துண்டுகளை நிரப்ப வேண்டும். பக்கத்தின் அகலம் 20 எம் என்றும், படம் 8 எம் என்றும், இடைவெளி 1 எம் என்றும் கொண்டால், படத்தருகே வரும் வரிக்கு 11 எம் எஞ்சும். படம் நேர்ச் செவ்வகமாயின் இக்கணக்கு ஒருமுறை போதும். படத்தின் விளிம்பு சாய்ந்தோ வளைந்தோ சென்றால், வரிக்கு வரி கணக்கு மாறும். புளொக்கின் மூலையை அறுத்து நீக்கி, அவ்விடத்தில் எழுத்தைப் புகுத்துதலும் உண்டு. இவ்வளவுஞ் செய்து முடித்து அச்சுப்படியை எடுத்தபின், ஆசிரியர் தொடக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், கீழே உள்ள வரிகள் யாவும் தம் இடம் பெயரும். குறுகிய வரி நீண்ட வரியின் இடத்துக்கு வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. ஆசிரியர்களைப் பற்றி அச்சுக்கோப்போர் வாய்க்குள் முணுமுணுத்தவற்றை வரலாறு பதிந்து வைக்காதது நன்றே.

இவ்விடரைத் திட்டத்தால் வென்ற நூல் ஒன்றைச் சற்று விரித்துக் கூறல் தகும். அது, ஹார்ற்மன் ஷேடெல் இயற்றி, அன்றன் கோபேர்கர் 1493இல் நூறெம்பேர்க் நகரில் அச்சிட்ட உலக வரலாறு. யூலை மாதத்தில் இலத்தீன் பதிப்பும், டிசெம்பர் மாதத்தில் யேர்மன் பதிப்பும் வெளிவந்தன. அதில் 1,809 படங்கள் உள்ளன. அவற்றுக்குச் செதுக்கிய மரக்கட்டைகளோ 645 மட்டுமே. ஒரே கட்டை ஓரிடத்தில் ஒரு நகரமாகவும் வேறிடத்தில் வேறொரு நகரமாகவும் நின்றது. ஒரே முகம் பல அரசர்க்கு உதவியது! இப்படங்கள் பக்கத்தின் ஓரத்திலும் நடுவிலும் குறுக்காகவும் வர, அவற்றினூடே வசனம் புகுந்து செல்கின்றது. அரச வமிசங்களைக் காட்டும் கொடிகள் பக்கத்தில் மேலும் கீழும் படர்கின்றன. அச்சுக்கோக்குமுன்னரே நூல் முழுவதற்கும் கையால் ஒரு மாதிரிச் சுவடி ஆக்கினர். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், எவ்வளவு இடம், அதனருகே எத்தனை வரி என்பன அதில் வரைந்தும் எழுதியும் காட்டப்பட்டுள்ளன. இரு பதிப்புகளின் மாதிரிச் சுவடிகளும் நூறெம்பேர்க் நகர நூலகத்தில் இன்றும் உள்ளன. மொழி மாறினால் வசனத்தின் நீளமும் மாறும் என்பதை உணர்ந்து, இரண்டுக்கும் தனித்தனியே மாதிரி செய்த மதிநுட்பம் பாராட்டற்குரியது. கணனித் திரையிற் பக்கத்தை முன்னதாகவே கண்டு திருத்துகின்றோம் என்று நாம் பெருமைப்படுகின்றோம். கோபேர்கரின் பணியாளர் தாளிலும் மையிலும் அதனையே செய்தனர்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1499இல், வெனிஸ் நகரத்து அல்டுஸ் மனூற்றியுஸ் 'பொலிபிலோவின் கனவு' என்று தமிழிற் சொல்லத்தக்க நூலை வெளியிட்டார். அச்சுக்கலையின் அணிகலன் என இன்றும் போற்றப்படும் இந்நூலிற் சில பக்கங்களின் வசனம் கீழ்நோக்கிக் குறுகிக் குறுகி, கிண்ணம் போலவும் புனல் போலவும் முடிகின்றது. உள்ளே படம் ஒன்றுமில்லை. வெறும் எழுத்தே உருவாகின்றது. நேர் செவ்வகங்களாலும் இத்துணை மென்மை கூடும் என்று அல்டுஸ் காட்டினார். நாலரை நூற்றாண்டுகளின் பின்னர், பியற்றிஸ் வோட் என்னும் அம்மையார் நல்ல அச்செழுத்துப் பளிங்குக் கிண்ணம் போல்வது, உள்ளிருக்கும் பொருளைக் காட்டித் தான் மறைந்து நிற்பது என வாதித்தார். அவர் கட்டுரைகள் 1955இல் அப்பெயராலேயே தொகுதியாயின. அல்டுஸின் கிண்ணமோ தன்னைப் பார் என்று அழைக்கின்றது. இரண்டும் கிண்ணங்களே என்பது தற்செயல்தான்.

இதன்பின் வடிவெழுத்து நூல்களில் ஆங்காங்கே தலைகாட்டியதேயன்றிப் பெருவழக்காகவில்லை. 1633இல், ஆசிரியர் மறைந்த ஆண்டிலேயே, கேம்பிறிஜ்ஜில் வெளிவந்த ஜோர்ஜ் ஹேபேர்ட்டின் பாடற்றொகுதியில் சிறகு வடிவான பாடல் ஒன்று உண்டு. மனிதனின் தாழ்வைக் கூறுமிடத்து அடி குறுகும். உயர்வைக் கூறுமிடத்து அடி நீளும். இங்கே உருவம் பொருளுக்கு ஏவல் செய்கின்றது. ஆதலால் பக்தர் யூதாவும் இதனைக் குறை கூறியிரார். 1865இல் லூயிஸ் கறோல் எழுதிய சிறுவர் கதையிலே எலி ஒன்று தன் வரலாற்றைக் கூறுகின்றது. அவ்வரலாறு எலியின் வாலைப் போல வளைந்து வளைந்து எழுத்துச் சிறுத்து இறங்குகின்றது. ஆங்கிலத்திற் கதைக்கும் வாலுக்கும் ஒலி ஒன்றாதலின் பிறந்த வேடிக்கை அது. 1916 டிசெம்பரிற் பரிசில் வெளிவந்த சஞ்சிகை ஒன்றிலே, மழையைப் பாடிய அப்போலினேர் எழுத்துகளை மழைத்தாரை போலச் சாய்வாக இறக்கினார். 1918இல் அவர் நூலிலும் அது சேர்ந்தது.

இயந்திரங்கள் வந்தபோது நிலைமை சீர்ப்படவில்லை, ஒருவகையில் மோசமாயிற்று. 1886இல் நியூயோர்க்கின் 'திறிபியூன்' பத்திரிகை பயன்படுத்தத் தொடங்கிய லைனோரைப் இயந்திரம், முழு வரியையும் ஒரே ஈயக் கட்டியாக வார்த்துத் தந்தது. வேகம் பெருகியது. ஆயின் வரியின் அகலத்தை மாற்றும்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்தித் திருத்த வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் வரி முழுவதையும் மறுபடி வார்க்க வேண்டும். நாளிதழ்களின் நேரான பத்தி அமைப்பு இந்த இயந்திரத்துக்கு இயல்பாகப் பொருந்தியது. படத்தைச் சூழும் வரி அதற்குப் பகையாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒளியச்சுக்கோப்பு வந்தபின்னரே ஈயத்தின் பிடி தளர்ந்தது. எழுத்து ஒளிப்படத் தாளில் வந்தது. கத்தியால் வரி வரியாக அறுத்து, படத்தின் வளைவுக்கேற்ப ஒட்டினர். கோடு எவ்வாறு வளைந்தாலும் தாள் தடை சொல்லவில்லை. ஆனால் எந்தச் சொல்லில் வரி முறியும் என்னும் கணக்கு இன்னமும் மனிதர் தலையிலேயே இருந்தது.

அக்கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர்களுள் டொனால்ட் கனூத் முதன்மையானவர். அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக் கணனியியற் பேராசிரியரான அவர், தம் நூலின் மறுபதிப்பு அச்சமைப்பைக் கண்டு மனம் நொந்து, 1978இல் 'டெக்' என்னும் நிரலை ஆக்கினார். ஒரு பந்தியின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி நீளமும் தொடக்கமும் கொடுக்க அதில் வழி உண்டு. அதனால் வட்டத்துள்ளும் வசனத்தை நிரப்பலாம். மைக்கேல் பிளாஸ் என்பாருடன் 1981இல் அவர் வெளியிட்ட ஆய்வு மேலும் முக்கியமானது. பழைய முறையில், ஒரு வரி நிரம்பியவுடன் அடுத்த வரிக்குச் செல்வர். பின்னால் வரும் இடரைப் பற்றிக் கவலையில்லை. இவர்களோ பந்தி முழுவதையும் ஒருங்கே நோக்கி, எல்லா முறிவுகளிலும் குறைவான தீமை பயக்கும் தொகுதியைத் தேர்ந்தனர். கைதேர்ந்த அச்சுக்கோப்பாளர் இரண்டு வரிகளுக்கு முன்னரே இடைவெளியைச் சற்று நெகிழ்த்தி வைப்பாரே, அந்த அநுபவத்தையே இவர்கள் கணிதமாக்கினர்.

1984இல் போஸ்ற்ஸ்கிரிப்ற் என்னும் பக்க விவரண மொழி தோன்றியது. மறு ஆண்டில் சியாட்டில் நகரத்தில் போல் பிறெய்னேர்ட் என்பவரின் நிறுவனம் 'பேஜ்மேக்கர்' நிரலை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் பெயர் அல்டுஸ். வெனிஸ் நகரத்து அச்சகத்தாரின் பெயரே அது! 1987இல் குவார்க் எக்ஸ்பிறஸ் வந்தது. 1980களின் இறுதிக்குள் சூழ்வரி இத்தகைய நிரல்களின் இயல்பான பணியாயிற்று. பேஜ்மேக்கரிற் படத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு தோன்றும்; அதன் மீதுள்ள சிறு வைரக் குறிகளை இழுத்து எல்லையை வளைக்கலாம். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வசனம் முழுவதும் மறுபடி ஓடி அமைவதற்கு அக்காலக் கணனிக்கு நேரம் பிடித்தமையால், இடைவெளிக் கட்டையை அழுத்திப் பிடித்து அதனைத் தாமதிக்கச் செய்யும் வழியும் வைத்திருந்தனர். 1994இல் அல்டுஸ் நிறுவனம் அடோபியுடன் சேர்ந்தது. 1999இல் அடோபி வெளியிட்ட இன்டிசைன், பந்தியை முழுமையாக நோக்கும் கனூத் வழியையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

கணனி இதனைச் செய்யும் விதம் எளிது. படத்தின் எல்லை வளைகோடுகளால் விவரிக்கப்படும். பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டித் தொழிலில், சிற்றோயன் நிறுவனத்தின் டெ காஸ்ரெல்ஜோவும் றெனோ நிறுவனத்தின் பெசியேயும் வண்டியின் உடல் வளைவுக்கென வகுத்த கோடுகள் இவை. அந்த எல்லையைச் சிறிது வெளியே தள்ளி ஒரு காப்பு வெளி அமைப்பர். பின்னர் எழுத்து வரி ஒவ்வொன்றையும் ஓர் அகன்ற பட்டையாகக் கருதி, அப்பட்டை எல்லையை எங்கே வெட்டுகின்றது எனக் கணிப்பர். வெட்டுப்படாது எஞ்சும் துண்டுகளே எழுத்துக்குரிய இடம். துண்டு மிகக் குறுகியதாயின் அதனை விட்டு அடுத்த பட்டைக்குச் செல்வர். ஏட்டுத் துளையருகே எழுத்தாணியைத் தூக்கி அப்பால் வைத்தவன் செய்ததும் இக்கணக்கே. படம் பக்கத்தின் நட்டநடுவே நின்றால் ஒரு பட்டையில் இரு துண்டுகள் எஞ்சும். வாசிப்போன் படத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டுமா, இடப்புறத்தை முடித்தபின் வலப்புறத்துக்கு வரவேண்டுமா என்று மயங்குவான். படத்தை ஓரத்திலோ இரு பத்திகளுக்கிடையிலோ நிறுத்துவதே நன்று. கருவி அனுமதிக்கின்றது என்பதற்காக நடுவில் நிறுத்துவோர் பலர்.

இனி, முன்னர்க் குறித்த ஏட்டுச் செய்திக்கு வருவோம். அச்சு வந்தபின் தமிழிற் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் நிலைபெற்றது. எனினும் வரியிறுதியிற் சொல்லை எந்த எழுத்தின் பின்னும் முறிக்கும் உரிமையைப் பழைய அச்சுக்கோப்பாளர் விட்டுக்கொடுக்கவில்லை. பெரும்பாலும் சிறுகோடும் இடாமலே முறித்தனர். நம் மொழியில் உருபும் விகுதியும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிச் செல்வன. 'எழுதப்பட்டிருக்கின்றமையினால்' போன்ற சொல் ஒன்று படத்தருகே உள்ள குறுகிய வரியைத் தனியாகவே நிரப்பிவிடும். முறிக்கும் உரிமை இன்றேல் சூழ்வரி தமிழுக்குக் கைகூடாது. கணனி வந்தபோது அந்த உரிமையே பறிபோயிற்று. 1990களில் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்காயிருந்த பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. 'அம்மா' என்ற சொல் கணனியின் நினைவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. அது தமிழ் என்பதைக் கணனி அறியாது. சொல்லை முறிக்கும் கட்டளையை இயக்கினால், ஆங்கில விதிப்படி அக்குறிகளை முறிக்கும். ஒற்றைக்கொம்பு ஒரு வரியின் இறுதியிலும் அதற்குரிய மெய் அடுத்த வரியின் முதலிலும் பிரிந்து நிற்கவும் கூடும். அஞ்சி அக்கட்டளையை நிறுத்தினாலோ, நீண்ட சொற்கள் முறியாது அடுத்த வரிக்குத் தாவ, எஞ்சிய இரண்டொரு சொற்கள் வரியின் இரு முனைகளிலும் ஒட்டிக்கொண்டு இடையே பெருவெளி கிடக்கும். அக்கால மலர்களைப் புரட்டுவோர், படங்களின் அருகே வரிக்கு வரி இவ்வெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு போல ஓடுவதைக் காணலாம். அதனை அமைத்தவரின் கைப்பழுது என்று எண்ணலாகாது.

1991இல் வெளிவந்த ஒருங்குகுறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. ஆயினும் பக்கவமைப்பு நிரல்கள் அதனைப் பின்பற்ற நெடுங்காலம் எடுத்தன. இன்டிசைன் நிரல் 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் தமிழ் உட்பட்ட இந்திய மொழி எழுத்துகளை முறையாகக் கோக்கும் வசதியைப் பெற்றது. கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்து ஓரெழுத்து என்பதை இப்போது கணனி அறியும். ஆதலின் எழுத்தைப் பிளவாது சொல்லை முறிக்க முடியும். ஏட்டெழுத்தாளனுக்கு இயல்பாயிருந்த வசதி, இத்தனை சுற்றுக்குப்பின் மீண்டும் கைக்கு வந்திருக்கின்றது.

இணையப் பக்கங்களின் கதை சுருக்கமானது. 1996 டிசெம்பரில் வகுக்கப்பட்ட நடைத்தாள் விதிகளிலே, படத்தை ஓரமாக மிதக்கவிட்டு வசனத்தை அருகே ஓடவிடும் கட்டளை இடம்பெற்றது. அது செவ்வகத்தை மட்டுமே அறியும்; ஈயவெழுத்தின் நிலைக்கே திரும்பியது போலாயிற்று. வட்டத்தையும் பலகோணத்தையும் சூழ்ந்து எழுத்து வளையும் விதிகள் 2014இல் வெளிவந்தன. அதற்குள் வாசிப்போரிற் பெரும்பகுதியினர் கைப்பேசிக்கு மாறத் தொடங்கிவிட்டனர். நாலு விரல் அகலமான திரையிற் படமும் வரியும் அருகருகே நிற்க இடமில்லை. தமிழ்ச் சொல் ஒன்றுக்கே சில வேளைகளில் அரை வரி வேண்டியிருக்கின்றது. ஆகவே கைப்பேசித் திரையிற் படம் தனக்கென முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு மேலே நிற்க, எழுத்து அதன் கீழே நேர்வரியாகச் செல்கின்றது.